விளக்கமறியல்னா என்ன வக்கீலம்மா?

ராத்திரி பத்தரை மணி இருக்கும், யாழ்ப்பாணத்துல இருந்து வாட்சப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அங்க சட்டத்தரணியா இருக்கிற பொண்ணு, என்னைவிட பத்து வயசு சின்னவ, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. "அக்கா, அவையள் எல்லாரையும் பதினாலு நாள் விளக்கமறியலில வைக்கச் சொல்லி நீதவான் உத்தரவு போட்டிட்டார், வாற தவணையில பாப்பம், ஆக்கள் சுகமா இருக்கினம், வீட்டுக்காரரை யோசிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ." அவ்வளவுதான், இருபது செகண்ட் கூட இல்ல. நான் அதை அப்படியே ராமேஸ்வரம் பக்கத்து தங்கச்சிமடத்துல இருக்கிற ஒரு அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன், படகுல போயி இலங்கை நேவிகிட்ட மாட்டின மீனவங்கள்ல ஒருத்தரோட சம்சாரம், அது பண்ணியிருக்கக்கூடாதுன்னு அப்புறம்தான் தோணுச்சு.

ரெண்டு நிமிஷத்துல கால் வந்துச்சு. "விளக்கமறியல்னா என்ன வக்கீலம்மா? விளக்கம் கேட்டுட்டு விட்டுருவாங்களா?"

அந்தக் குரல்ல இருந்த நம்பிக்கைய கேட்டுட்டு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரல. விளக்கமறியல்னா நம்ம ஊர்ல ரிமாண்டு. அங்க தவணைன்னா இங்க வாய்தா. அங்க பிணை, இங்க ஜாமீன். அங்க எதிராளின்னா குற்றம் சாட்டப்பட்டவரு, நம்ம ஊர்ல எதிராளின்னா கேஸுல எதிர்த்தரப்புக்காரன், இதை வச்சே ஒரு தடவை ஒரு பேப்பரை நான் தலைகீழா புரிஞ்சுகிட்டு அரை நாள் குழம்பியிருக்கேன். ரெண்டு பக்கமும் தமிழ்தான், நடுவுல இருக்கிற கடலும் அப்படி ஒண்ணும் பெருசில்ல, ஆனா கோர்ட் தமிழ் ரெண்டு. சட்டத்தரணின்னா வக்கீல்தான்னு அந்தம்மாவுக்குப் புரிய வைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் அது ஏதோ பெரிய ஆபீசர் போஸ்ட்டுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க.

இந்த வேலை எப்படி நடக்குதுன்னு நெறைய பேருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் சொல்றேன். விசைப்படகு எல்லை தாண்டுச்சுன்னு இலங்கை நேவி பிடிச்சா, மன்னார், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, கிளிநொச்சின்னு எந்தப் பக்கம் பிடிச்சாங்களோ அந்தப் பக்கத்து கோர்ட்டுல கொண்டு போய் நிறுத்துவாங்க. யாழ்ப்பாணத்துல நம்ம துணைத் தூதரகம் இருக்கு, அங்க இருந்து அதிகாரிங்க ஜெயிலுக்குப் போய்ப் பாப்பாங்க, வக்கீலும் வைப்பாங்க. முதல் தடவைன்னா பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை, அதாவது திரும்ப வந்தா உள்ள போடுவோம்னு எழுதி வச்சிட்டு விட்டுருவாங்க. ரெண்டாவது தடவை மாட்டினா ஜெயில்தான். படகை ஓட்டுன டிரைவருக்கு தனி கணக்கு. படகு வேற கேஸ், ஓனர் நேர்ல போய் அந்த கோர்ட்டுல நின்னு இது என் படகுதான்னு பேப்பரைக் காட்டணும், காட்டாட்டி படகு அரசுடமை. 2017-ல இழுவை மடியையே, அதாவது கடலடியை வாரிட்டு வர்ற வலையையே, மொத்தமா தடை பண்ணி சட்டம் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷம் வெளிநாட்டுப் படகுக்கு நீளத்தைப் பொறுத்து கோடிக்கணக்குல அபராதம்னு மாத்துனாங்க. 2024-ல மட்டும் ஐநூறு பேருக்கு மேல பிடிபட்டாங்க. ஐநூறு பேர்னா ஐநூறு வீடு, ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒரு நாளைக்கு நாலு போன்.

இங்க இருந்துகிட்டு நான் செய்றது என்ன? ஆதார் காப்பி, மீனவர் அடையாள அட்டை, படகு ரிஜிஸ்ட்ரேஷன், டோக்கன் போட்ட விவரம், ஒருத்தருக்கு சுகர் இருக்குன்னா அந்த டாக்டர் சீட்டு, இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்புறது. அங்க அவ ஆஜராவா. எனக்கு அந்த கோர்ட்டுல வாய் திறக்க உரிமை கிடையாது, அவளுக்கு எங்க கோர்ட்டுல கிடையாது. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்தாதான் ஒரு ஆள் வெளிய வர்றாரு.

அவ நிலைமைய நெனச்சுதான் எனக்கு அதிகம் வருத்தம். ஒரு நாள் காலைல மெசேஜ் போட்டிருந்தா, "அக்கா இண்டைக்கு கோட்டுக்கு வெளியில எங்கட கடற்தொழிலாளர் ஆர்ப்பாட்டம், என்ர மாமாவும் அதில நிக்கிறார்"னு. அவங்க மாமாவோட வலைய ஒரு இந்திய விசைப்படகு அறுத்துட்டுப் போயிருக்கு. இருந்ததெல்லாம் போட்டு வாங்குன வலை. போர் முடியுற வரைக்கும் கடலுக்கே போக விடாம வச்சிருந்தாங்க, 2009-க்கு அப்புறம்தான் மெதுவா திரும்ப தொழிலுக்கு இறங்குனாங்க, இறங்குனா வலை இல்ல, ராத்திரியோட ராத்திரியா நம்ம ஆளுங்க வாரிட்டுப் போறாங்க. மாமா வெளிய கோஷம் போட, மருமக உள்ள அந்தப் பக்கத்து ஆளுங்களுக்காக எந்திரிச்சு நின்னு, இவர் முதல் தடவை வந்தவர், மூணு சின்னப் பிள்ளைங்க இருக்குன்னு சொல்லணும். "மாமா என்னோட கதைக்கிறேல்ல அக்கா, ரெண்டு கிழமையா"ன்னா.

இதை நான் தங்கச்சிமடத்துல சொன்னா யாரும் ரசிக்க மாட்டாங்க, தெரியும். நம்ம பக்கம் பேசுறப்ப பாரம்பரிய உரிமை, கச்சத்தீவு, 1974 ஒப்பந்தம்னு பேசுவோம், ரெட்டை மடியப் பத்தி, அதாவது ரெண்டு படகு சேர்ந்து ஒரே வலைய இழுக்கிறதப் பத்தி, மட்டும் பேச மாட்டோம். ரெட்டை மடி நம்ம சட்டப்படியும் தப்புதான். ஆனா கூலிக்குப் போற பையனுக்கு மடியையும் தெரியாது ஒப்பந்தத்தையும் தெரியாது, ஓனர் போகச் சொன்னா போவான், அவனைத்தான் பிடிக்கிறாங்க. அவனுக்கு ஒரு வக்கீல் வேணும், அவ்வளவுதான் என் கணக்கு.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு நடந்துச்சு. பல வருஷம் முன்னாடி, நான் சீனியர்கிட்ட ஜூனியரா இருந்தப்ப, இன்ஜின் பழுதாகி காத்துல அடிச்சு வந்த ஒரு இலங்கைப் படகைப் பிடிச்சாங்க. உள்ள மூணு பேரு, மூணு பேரும் சிங்களவங்க, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. இங்க 1981-ம் வருஷத்து கடல் மண்டலச் சட்டத்துல கேஸ். சீனியர் வக்காலத்து போட்டுட்டாரு, ஆனா கட்சிக்காரன்கிட்ட என்ன நடந்துச்சுன்னு கேக்க வழியில்ல. சைகை காட்டி எவ்வளவு நேரம் பேசுறது. அப்புறம் யாரோ சொல்லி, மண்டபம் அகதிகள் முகாம்ல இருந்து ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தோம். அவர் கொழும்புல கடை வச்சிருந்தவரு, 83 ஜூலை தமிழர் விரோதக் கலவரத்துல கடை எரிஞ்சு, கொஞ்ச நாள் அங்க இங்க இருந்துட்டு கடைசியா படகேறி இங்க வந்தவரு.

வெள்ளை வேட்டி சட்டைய மடிப்பு கலையாம போட்டுட்டு வந்தாரு. கோர்ட் வராண்டால, பெஞ்சுல உக்காந்து அந்த மூணு பேருல மூத்தவர்கிட்ட சிங்களத்துல என்னமோ கேட்டாரு. அந்த ஆளு முதல்ல நம்பல, அப்புறம் படபடன்னு கொட்ட ஆரம்பிச்சுட்டாரு, அழுதுட்டாரு கூட. பெரியவர் எல்லாத்தையும் கேட்டு எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு, இன்ஜின்ல எந்த பாகம் போச்சு, எத்தனை நாள் தண்ணி இல்லாம இருந்தாங்க, சம்சாரம் மாசமா இருக்கா, எல்லாம். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்ல. முடிஞ்சதும் சீனியர் ஆட்டோவுக்குன்னு காசு கொடுத்தாரு, வாங்கல. டீ மட்டும் குடிச்சாரு. நான் வாய சும்மா வச்சிட்டு இருந்திருக்கலாம், "உங்களுக்குக் கோபம் இல்லையா ஐயா"ன்னு கேட்டுட்டேன். டீ கிளாஸைப் பாத்துகிட்டே, "இவனுக்கு அப்ப ஆறு வயசு இருக்கும் பிள்ளை"ன்னாரு. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல.

அந்த மூணு பேரும் ஊர் திரும்ப ரொம்ப நாளாச்சு. கேஸ் முடிஞ்சும், இவங்க உங்க ஆளுங்கதானான்னு கேட்டு ஒரு கடிதம் போகணும், பதில் வரணும், அது ஒரு ஆபீஸ்ல ஒரு மேஜைல இருந்து அடுத்த மேஜைக்குப் போக ஏழு வாரம் எடுத்துச்சு. எந்த ஆபீஸ்னு சொல்ல விரும்பல. நாடு கடந்து மாட்டுனவனுக்கு தண்டனை ஒரு விஷயமே இல்ல, தண்டனைக்கு அப்புறம் வர்ற இந்தக் காத்திருப்புதான் நிஜமான ஜெயில்.

இதை நான் சும்மா சொல்லல, இந்தியா பாகிஸ்தான் கைதிங்க கதைய எடுத்துப் படிச்சா இதேதான் திரும்பத் திரும்ப வரும். குஜராத், டையூ பக்கத்து மீனவங்க சர் க்ரீக்ங்கற எல்லை ஓடை கிட்ட பிடிபட்டு கராச்சி மலிர் ஜெயில்ல இருப்பாங்க, அவங்க ஆளுங்க இங்க இருப்பாங்க. கடல்ல கோடு எங்க இருக்குன்னு ரெண்டு அரசாங்கத்துக்கே ஒத்துப்போகல, மீனவனுக்கு மட்டும் தெரியணுமாம். ஆனா அங்க, நமக்கும் இலங்கைக்கும் நடுவுல இல்லாத ஒண்ணு இருக்கு, நெனச்சா எனக்கு பொறாமையா இருக்கும். 2008 மே மாசம் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரி 1, ஜூலை 1, யார் யார் எங்க ஜெயில்ல இருக்காங்கன்னு லிஸ்ட் மாத்திக்கணும். சண்டை வந்தாலும் மாத்திக்கிறாங்க, 2025 மே மாசம் ஏவுகணை பறந்துச்சு, ஜூலை 1-ந் தேதி லிஸ்ட்டும் போச்சு. 2025 ஜனவரி லிஸ்ட்டுல அவங்க ஜெயில்ல நம்ம மீனவங்க 217 பேரு, நம்ம ஜெயில்ல அவங்க மீனவங்க 81 பேரு. தண்டனை முடிஞ்சு, இன்ன நாட்டுக்காரன்னு உறுதியாச்சுன்னா ஒரு மாசத்துல அனுப்பணும்னும் அதே ஒப்பந்தத்துல இருக்கு. ஒரு மாசத்துலயா அனுப்புறாங்கன்னா இல்ல. இருந்தாலும் எழுதி இருந்தா அதைக் காட்டி ஒரு வக்கீல் சண்டை போடலாமில்ல.

அதுக்கு முந்தின வருஷமே, 2007-ல, ஜட்ஜுங்க கமிட்டி ஒண்ணு போட்டாங்க. இந்தப் பக்கம் நாலு ரிட்டயர்ட் ஜட்ஜ், அந்தப் பக்கம் நாலு. சேர்ந்து ஜெயில் ஜெயிலாப் போனாங்க, கராச்சி, லாகூர், ராவல்பிண்டி, இங்க அமிர்தசரஸ், ஜெய்ப்பூர், திஹார். ஒவ்வொரு கைதியா கூப்பிட்டு உக்கார வச்சு பேரென்ன, ஊரென்ன, எப்ப முடியுதுன்னு கேட்டாங்க. பாகிஸ்தான் பக்கத்துல இருந்த நாசிர் அஸ்லம் ஜாஹித்னு ஒரு ஜட்ஜ், ரிட்டயர் ஆனதுக்கப்புறம் கராச்சி ஜெயில் கைதிங்களுக்கு இலவச சட்ட உதவி நடத்திட்டு இருந்தவரு, இந்திய மீனவங்களையும் விடல. இந்த மாதிரி ஆளுங்க பேரெல்லாம் நம்ம டிவி டிபேட்டுல வரவே வராது. 2013 அக்டோபருக்கு அப்புறம் அந்தக் கமிட்டி கூடவே இல்ல. 2018-ல திரும்ப உயிர் கொடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு, பேச்சோட சரி.

மும்பை ஹமீத் அன்சாரி கதை ஞாபகம் இருக்கா? ஃபேஸ்புக்ல பழகின பொண்ணைப் பாக்க ஆப்கானிஸ்தான் வழியா பொய் ஐடி கார்டோட பாகிஸ்தானுக்குள்ள போன பையன். 2012 நவம்பர்ல கோஹாட்ல பிடிச்சாங்க, அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு ஆள் எங்கன்னே அம்மாவுக்குத் தெரியாது. மும்பைல இருந்து அந்தம்மா பெஷாவர் ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போடுறாங்க, அங்க ஆஜரானவங்கள்ல ஒருத்தர் காஜி முகமது அன்வர், பாகிஸ்தான் சுப்ரீம் கோர்ட் பார் அசோசியேஷனுக்கே தலைவரா இருந்தவரு. உளவாளின்னு முத்திரை குத்துன இந்தியனுக்காக, பெஷாவர்ல, அந்த ஊரு நிலைமைல. அந்த மனுவாலதான் ஆள் ராணுவக் கஸ்டடில உயிரோட இருக்காருன்னே வெளிய வந்துச்சு. 2018 டிசம்பர் 18, வாகா வழியா வந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாரு. அவருக்காக அங்க அலைஞ்ச ஒரு பாகிஸ்தானி ரிப்போர்ட்டர் பொண்ணு 2015-ல காணாமப் போயி ரெண்டு வருஷம் கழிச்சுதான் கிடைச்சா, அதையும் சேத்து சொல்லணும்.

காஜி அன்வருக்கு அடுத்து அந்த பார் அசோசியேஷன் தலைவரானவங்கதான் அஸ்மா ஜஹாங்கீர், 2010-ல, அந்தப் பதவிக்கு வந்த முதல் பொண்ணு. எங்க சேம்பர்ல அவங்க போட்டோவ ஒட்டி வச்சிருக்கேன், வர்ற கட்சிக்காரங்க இது யாரு உங்க அம்மாவான்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லிடுவேன். பதினெட்டு பத்தொன்பது வயசுல, அப்பாவை ராணுவ ஆட்சி உள்ள தூக்கிப் போட்டப்ப அவங்க பேர்ல போட்ட கேஸ்தான் 1972-ல ராணுவ ஆட்சியே செல்லாதுன்னு தீர்ப்பா வந்துச்சு. தங்கச்சி ஹினா ஜிலானியோட சேர்ந்து லாகூர்ல பொண்ணுங்களே நடத்துற வக்கீல் ஆபீஸ் ஆரம்பிச்சாங்க. செங்கல் சூளைக் கொத்தடிமைக்கு வாதாடுனாங்க, தெய்வ நிந்தனை கேஸுல மாட்டின கிறிஸ்தவப் பையனுக்கு வாதாடுனாங்க. தெற்காசிய மனித உரிமைக்காரங்களை எல்லாம் ஒண்ணு சேர்க்க ஒரு அமைப்பு வந்துச்சு, ஆபீஸ் கொழும்புல, அதை முன்னால நின்னு ஆரம்பிச்சவங்கள்ல நம்ம முன்னாள் பிரதமர் குஜ்ரால், இவங்க. இந்திய ஏஜென்ட்னு அங்க திட்டுனாங்க. 2018 பிப்ரவரி 11 போய்ச் சேந்தாங்க. அதே பிப்ரவரி 11, எட்டு வருஷம் முன்னாடி, மும்பை குர்லால தன்னோட ஆபீஸ்ல வச்சே சுட்டுக் கொன்னாங்க ஷாஹித் ஆஸ்மிய. 26/11 மும்பை தாக்குதல் கேஸ்ல ஃபஹீம் அன்சாரிங்கறவருக்காக வாதாடிட்டு இருந்த வக்கீல், மூணு மாசம் கழிச்சு அந்தக் கேஸ்ல ஃபஹீம் குற்றவாளி இல்லைன்னு தீர்ப்பு.

இலங்கைல மட்டும் என்ன வாழுது. 1999 ஜூலை 29, நீலன் திருச்செல்வம், அரசியல் சட்டத்தை உக்காந்து எழுதி எழுதி ஏதாவது தீர்வு வந்துராதான்னு பாத்த மனுஷன், கொழும்புல புலிகளோட தற்கொலைக் குண்டுக்குப் போனாரு. அஞ்சு மாசம் கழிச்சு, 2000 ஜனவரி 5, குமார் பொன்னம்பலம், தமிழ்க் கைதிங்களுக்காக கோர்ட் கோர்ட்டா ஏறுனவரு, நேர் எதிர் அரசியல், வெள்ளவத்தைல சுட்டுக் கொன்னாங்க. ரெண்டு பேரும் வக்கீல், ரெண்டு பேரும் தமிழர், கொன்ன பக்கம் மட்டும் வேற வேற. இது சட்டத்தரணி பொண்ணுகிட்ட ஒரு நாள் பேச்சுல வந்துச்சு, அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "சரி அக்கா, அந்த மருந்துச் சீட்டு தெளிவா இல்ல, திருப்பி அனுப்புங்கோ"ன்னா.

நம்ம ஆளுங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், கோபப்பட்டாலும் பரவால்ல. அடிக்கடி பார் அசோசியேஷன்ல தீர்மானம் போடுறோம், இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாதுன்னு. கோயம்புத்தூர்ல வக்கீலுக்கும் போலீசுக்கும் தகராறு வந்தப்ப போலீஸ்காரங்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாதுன்னு போட்டாங்க, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2010 டிசம்பர்ல ஜஸ்டிஸ் கட்ஜு, ஜஸ்டிஸ் கியான் சுதா மிஸ்ரா பெஞ்ச் நல்லா சாத்துச்சு. இந்த மாதிரி தீர்மானம் எல்லாம் செல்லாது, தொழில் தர்மத்துக்கே விரோதம்னு. அதே ரெண்டு ஜட்ஜுங்கதான் மூணு மாசம் கழிச்சு, பாகிஸ்தான் ஜெயில்ல 27 வருஷமா கிடந்த கோபால் தாஸுக்கு, எங்களுக்கு அங்க உத்தரவு போட அதிகாரம் இல்ல, ஆனா வேண்டுகோள் வைக்கிறோம்னு எழுதுனாங்க. அப்ப பாகிஸ்தான் அதிபரா இருந்த ஜர்தாரி மிச்ச தண்டனைய ரத்து பண்ணி அடுத்த மாசமே அனுப்பி வச்சாரு. அதிகாரம் இல்லைன்னு மனுவைத் தள்ளி விட்டுட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நானா இருந்தா தள்ளிட்டுத்தான் போயிருப்பேனோ என்னவோ.

சார்க், அதாவது தெற்காசிய நாடுங்களோட கூட்டமைப்பு, அந்த நாடுங்க வக்கீல் சங்கம்னு ஒண்ணு 1991-லயே கொழும்புல ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம்தான், மாநாடெல்லாம் நடக்கும். ஆனா சார்க் உச்சி மாநாடே 2014 காத்மாண்டுவோட நின்னு போச்சு. பெரியவங்க கூடட்டும், கூடாம இருக்கட்டும், எனக்கு வேணும்ங்கறது ரொம்ப சின்னது. இந்தியா பாகிஸ்தான் கமிட்டி மாதிரியே பாக் ஜலசந்திக்குன்னு இந்தப் பக்கம் நாலு, இலங்கைப் பக்கம் நாலு ரிட்டயர்ட் ஜட்ஜைப் போடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணம் ஜெயிலுக்கும் புழலுக்கும் போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரு ஊரு கேக்கட்டும். வலை அறுந்தவனோட கணக்கையும் அதே மேஜைல எடுக்கட்டும், அறுத்த படகு ஓனர் காசு கட்டட்டும். அப்படி ஒண்ணு வந்தா அந்தப் பொண்ணோட மாமா திரும்பப் பேசுவாருன்னு எனக்கு ஒரு நப்பாசை.

நேத்து தவணை. நான் வேற ஒரு கேஸுல பரமக்குடில மாட்டிக்கிட்டேன், போனை எடுக்க முடியல. வெளிய வந்து பாத்தா தங்கச்சிமடத்து அம்மாகிட்ட இருந்து ஒன்பது மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன். அவங்களுக்கு முன்னாடியே நேரா அங்க இருந்து தகவல் போயிருச்சு போல, ரெண்டு பேரும் இப்ப நேரடியா பேசிக்கிறாங்க, எனக்கே தெரியாம.

"வக்கீலம்மா, விளக்கமறியலை இன்னொரு பதினாலு நாள் நீட்டிச்சுட்டாங்களாம். அடுத்த தவணைல பிணை கேக்குறேன்னு தங்கச்சி சொல்லிச்சு. இவருக்கு பிரஷர் மாத்திரை தீந்து போச்சாம், சீட்டை உங்ககிட்ட குடுத்தனே, அதைக் கொஞ்சம் இப்பவே அனுப்பி விடுறீங்களா?"

பஸ் ஸ்டாண்டுல நின்னுகிட்டே அனுப்பிட்டேன்.